மட்டிச் சதையும் செங்கல் துண்டும்

சென்னையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் என் காலைப்பொழுது மட்டிகளோடுதான் போகும். பழவேற்காட்டு ஏரியிலிருந்து ஈரச் சாக்கில் வந்து இறங்கும். ஓட்டின் இடுக்கில் கத்தியை நுழைத்துத் திருகினால் தசை அறுந்து வாய் பிளக்கும். உள்ளே வெளுத்த சதை, சளி, அதற்கடியில் கரும்பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஒரு சுரப்பி. எனக்கு வேண்டியது அந்தச் சுரப்பி. அதை நசுங்காமல் எடுப்பது கஷ்டம். நசுங்கினால் அரைகுறையாய்ச் செரித்த பாசி கையுறை மேல் வழியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. இன்றும் சாக்கைப் பிரிக்கும்போது வாயில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வருகிறது.

எடுத்த சுரப்பியை அரைத்து, அந்தக் கூழைச் சூடாக்குவோம். கொதிக்கவிடாமல், கை பொறுக்காத சூட்டில் வைத்திருந்தால் மற்ற புரதங்களெல்லாம் திரிந்த பால்போலக் கட்டிகட்டியாய் அடியில் தங்கிவிடும். ஒன்று மட்டும் திரியாமல் மேலே தெளிந்த நீரில் நிற்கும். பழைய இரும்பு வாளியில் விட்டு வைத்த தண்ணீரின் நிறம். அதுதான் ஃபெரிட்டின், இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். நான் முனைவர் பட்டம் வாங்கியதும் அதைப் படித்துத்தான்.

இரும்பு இல்லாமல் எந்தப் பிராணியும் பிழைக்காது. ஆனால் கட்டில்லாமல் திரியும் இரும்பு உடம்பையே அரித்துவிடும். ஃபெரிட்டின் அதற்கு ஒரு கூடு கட்டித் தருகிறது. இருபத்து நான்கு துண்டுகள் கூடி, நடுவில் வெற்றிடமுள்ள ஓர் உருண்டையாக நிற்கும். கரைந்த இரும்பு அதன் துளைகள் வழியே உள்ளே போய்த் துருவாக மாறி உட்கார்ந்துகொள்ளும். தேவைப்படும்போது வெளியே வரும். மட்டி, சிப்பி, இறால், கடல் அட்டை என்று முதுகெலும்பில்லாத கடல் பிராணிகளிடமெல்லாம் இது உண்டு. ஏரியில் சாக்கடை கலந்து உடம்புக்குள் கிருமி புகும்போது மட்டி இந்தக் கூடுகளை அதிகமாகச் செய்து இரும்பை உள்ளே பூட்டிவிடும். கிருமி பெருகவும் இரும்பு வேண்டுமே. கிடைக்காவிட்டால் அது பட்டினிதான். பாறையில் ஒட்டி ஊரும் ஒரு வகைப் பிராணி, ஃபெரிட்டினில் சேர்த்து வைத்த இரும்பை எடுத்து நாக்கில் பல் கட்டிக்கொள்கிறது. காந்தத்தில் ஒட்டும் பல். அதை வைத்துப் பாறையைச் சுரண்டித் தின்கிறது.

இதையெல்லாம் சொன்னால் கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் மாலையில் திருத்தணி ரயிலின் பெண்கள் பெட்டியில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு என் தலைமுடியிலிருந்து வந்த நாற்றம்தான் தெரியும். என் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தவர்கள் உண்டு. ஒருமுறை ஓர் அம்மா தன் காலடியிலிருந்த சாமந்திக் கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "மலைக்குப் போற பூ மா. தப்பா நெனச்சிக்காத" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

என் அம்மா இறந்த பிறகு திருத்தணி வீட்டில் அப்பாவும் நானும்தான்; அவரை நைனா என்று கூப்பிடுவோம். நைனா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிருத்திகை தவறாமல் மலையேறுவார். நான் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார்.

"பின்பக்கமா போயி குளிச்சிட்டு வா மா. அப்புறம் சாமி ரூமுக்குப் போ."

கிருத்திகை நாட்களில் குளித்த பிறகும் சமையலறைக்குள் விடமாட்டார். சோற்றைத் தட்டில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து தருவார். அதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு நானே சில நாள் கரண்டியால் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்காவை ஆர்.கே.பேட்டையில் கொடுத்திருந்தது. அவள் புருஷன், எங்கள் பாவா, விசைத்தறி வைத்திருந்தார். அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு அக்கா வந்தபோதுதான் அவளிடம் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. காவடிக் கூட்டத்தில் படியேறும்போது அடிக்கடி உட்கார்ந்தாள். உதடு வெளிறி, கண்ணுக்குக் கீழே தோல் மெழுகு மாதிரி இருந்தது. மேலே தரிசனம் முடிந்து ஓரமாக நின்றபோது, பிரசாதத்தில் வந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து மொத்தத்தையும் வாயில் கொட்டிக்கொண்டாள். பிறகு என் பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள். அவள் பல்லெல்லாம் சாம்பல். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடவில்லை. வீட்டில் யாரையும் காணோம் என்று தறிக்கூடத்தின் பின்பக்கம் போனேன். பாத்ரூம் கட்டி மிச்சமான செங்கல்களை அங்கே அடுக்கியிருந்தார்கள். அக்கா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கல். செங்கல்லின் மூலையைத் தட்டி, உதிர்ந்த துண்டைப் புடவையில் லேசாகத் தேய்த்துவிட்டு வாயில் போட்டாள். அது பல்லுக்கிடையில் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த அடுக்கின் மேல் பாசியும் பல்லி எச்சமும் காய்ந்து கிடந்தன. அவள் கண்ணை மூடி, சிவந்த எச்சிலை விழுங்கினாள்.

என் உடம்பெல்லாம் கூசியது. மட்டிச் சுரப்பி கையுறையில் வழியும்போது வருகிற அதே கூச்சம்.

"இன்னாக்கா பண்ற?"

அவள் திடுக்கிடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"மழை பெஞ்ச மண்ணு மாரி வாசனை வருது டி இதுல. வாய் கேட்டுகினே கீது. நிறுத்த முடில."

"எப்பலேந்து?"

"மொதல்ல பச்சரிசி துன்னுகினு இருந்தேன். அப்புறம் துன்னூறு. அதுவும் பத்தல."

"பாவாவுக்குத் தெரியுமா?"

"ஆங். பாத்துட்டு, அசிங்கம் புடிச்சவன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் அவளைத் திருத்தணிக்கு அழைத்து வந்து ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினேன். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, நிற்பதே இல்லை என்றாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபினுக்குக் கீழே ஃபெரிட்டின் என்று அச்சடித்திருந்தது. எத்தனையோ வருடம் மட்டியின் வயிற்றில் நான் தேடிய பெயர், என் அக்காவின் பெயரிட்ட தாளில் இருந்தது. மனித உடம்பில் அதன் பெரும்பகுதி ஈரலிலும் மஜ்ஜையிலும் இருக்கும். ரத்தத்தில் கசியும் துளியை அளந்தால் உள்ளே எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அக்காவுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை.

"ரத்தத்துல இரும்பு கம்மியா இருக்கு, அது ஒண்ணு" என்றார் மருத்துவர். "அதைவிட, உள்ள சேத்து வெச்சது சுத்தமா காலி. மண்ணு, சாம்பல், செங்கல் திங்கணும்னு தோணுதே, அது இதனாலதான்மா. வியாதி. கெட்ட பழக்கம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க."

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிறு பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயப்படாமல் போட வேண்டும், கட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பாவா அந்த அறிக்கையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இது இன்னா மா ஃபெரிட்டின்? நீ அந்த மட்டில எடுக்கிறேன்னு சொல்லுவியே, அதானா?"

"ஆங் பாவா. ரெண்டும் ஒரே வகைதான். ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவர் ஏற்கெனவே வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் பாவா எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டிலோடு வந்தார். பச்சை மூடி. லேபிளில் நீலக் கடல், ஒரு சங்கு, கொட்டை எழுத்தில் 'கடல் ஃபெரிட்டின்'. இயற்கையான ரத்த விருத்திச் சூரணம் என்று அடியில் எழுதியிருந்தது. எதிலிருந்து செய்தது என்று எங்கும் இல்லை. தானே தயாரித்து விற்பதாகவும், ஆர்.கே.பேட்டையில் தறியோட்டும் பெண்கள் நிறையப் பேர் வாங்குவதாகவும் சொன்னார். அவர்களில் பாதிப் பேர் அக்கா மாதிரிதான் வெளிறியிருப்பார்கள்.

"நீ கேமரா முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும். டாக்டர் பட்டம் வாங்கினவ. வெள்ளைக் கோட்டு போட்டுக்க."

"எங்க பண்றீங்கன்னு நான் மொதல்ல பாக்கணும் பாவா."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மறைக்க ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை.

கனகம்மாசத்திரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, வயல்வெளியில் இருந்த ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகைக்கு நடந்தோம். கொட்டகை கண்ணில் படும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த மட்டி நாற்றத்தில் உப்பும் சேறும் இருக்கும். இது அழுகிய பிணத்தின் நாற்றம். வாசலில் இன்னும் வேகவைக்காத மட்டிகள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் வாய் பிளந்து, உள்ளே சாம்பல் நிறச் சதை கூழாகத் தொங்கியது. ஒரு நாய் அதில் முகத்தைப் புதைத்திருந்தது. வேகவைத்த தண்ணீர் குழியில் தேங்கி, நுரைகட்டி, அதன் மேல் ஈக்கள் ஒரு போர்வைபோல எழுந்து எழுந்து அமர்ந்தன. உள்ளே தார்ப்பாயில் சதையைக் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளையாக ஏதோ அசைந்தது. அரிசி சிந்தியிருக்கிறது என்று குனிந்தேன். புழுக்கள்.

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்ட ஒரு பெண் அதைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "ஊட்டுக்குப் போனா சோறு எறங்கல கா" என்றாள்.

ஒரு மூலையில் மாவு மெஷின். சதையையும் ஓட்டையும் ஒன்றாக அதில் கொட்டினார்கள். பக்கத்து டிரம்மில் செம்மண் காவி.

"இது எதுக்கு பாவா?"

"கலருக்கு. இரும்புன்னா ஜனங்க சேப்பா எதிர்பாப்பாங்க இல்ல."

"ஓட்டையும் சேத்து அரைக்கிறீங்களே, அது சுண்ணாம்பு. இரும்பை ஒடம்புல சேர விடாது."

"சுண்ணாம்பும் சத்துதானே மா."

"இந்த மட்டிங்க வேகறதுக்கு முன்னாடியே செத்தது. வாய் பிளந்து கெடக்குது பாருங்க."

"உசுரோட கீறது ஓட்டலுக்குப் போயிடும். மிச்சத்தை வியாபாரி சும்மாவே தூக்கிப் போட்டுட்டுப் போறான்." அவர் குரலில் ஒரு சாமர்த்தியசாலியின் பெருமை இருந்தது.

நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "அக்கா இதையா சாப்பிடறா?"

"மொத பாட்டிலே அவளுக்குத்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டேன். அது வயித்தைப் புண்ணாக்குது."

மெஷினிலிருந்து விழுந்த தூளில் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரோட்டோரம் வந்ததும் குனிந்து வாந்தி எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு குமட்டினாலும் ஒருநாளும் எடுத்ததில்லை. பாவா பின்னாலேயே வந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "வெயில் ஒத்துக்கல போல" என்றார். அவர் கையிலிருந்து அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து அவரை விட்டுவிட்டு நேராக ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். அக்கா சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நாலைந்து நாளாக வயிற்றுப்போக்கு. எழுந்து நடந்தால் மூச்சு வாங்கியது. தலைமாட்டில் பச்சை மூடி பாட்டில். முந்தானை முடிச்சில் செங்கல் துண்டுகள். இரண்டையும் அவள் கண் முன்னாலேயே தூக்கி எறிந்தேன். அவள் தடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துத் திருத்தணிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அவளைப் பார்த்ததும் மருத்துவர் அன்றே படுக்கையில் போட்டார்.

மறுநாள் மாலை பாவா எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா அவரை வழக்கம்போலக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், கொட்டகையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நைனாவின் முகம் மாறியது. எழுந்து சாமி அறைக்குள் போனார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். பச்சை மூடி.

"மாப்ளே, நீ எனக்குக் குடுத்தியே, இதுவா?"

பாவா பாட்டிலைப் பார்த்து, "ஆங்" என்றார்.

"தெனமும் குளிச்சிட்டு, துன்னூறு பூசிக்கினு, தேன்ல கொழைச்சு சாப்பிடறேன். கிருத்திகைக்கும் சாப்பிட்டேன். மட்டியா இது?"

"கடல் சத்து மாமா. ஒடம்புக்கு நல்லதுதான்."

நைனா பின்கட்டுக்குப் போனார். அவர் தொண்டையில் விரலைவிட்டு ஓங்கரிக்கும் சத்தம் கூடம்வரை வந்தது. பாவா காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனா முகம் கழுவி வந்து அவர் எதிரில் நின்றார். விரதம் கெட்டதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இவ மேல நாத்தம் வருதுன்னு வாசல்லயே நிக்க வெச்சேன்" என்றார் என்னைக் காட்டி. "உன்னை உள்ள உக்கார வெச்சி சோறு போட்டேன். எழுந்து போ மாப்ளே."

பாவா எழுந்தார். செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "யாரும் சாகல இல்ல. நீ அந்த வீடியோ பண்ணிருந்தா நான் நல்ல சரக்காவே போட்டிருப்பேன்."

அதைக் கேட்டபோது வந்த அருவருப்பு வேறு வகை. புழு மேய்ந்த தார்ப்பாய் அதற்குத் தேவலாம். புழு தன் வேலையைத்தான் செய்கிறது.

அக்காவுக்கு இரும்பு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். வாய் வழியாகக் கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை என்றார் மருத்துவர். கறுத்த பழுப்பு நிறத்தில் குழாய் வழியே அது இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "துருத் தண்ணி மாரி கீது டி" என்றாள். அவள் ஈரலில், என் மட்டிகளுக்கு இருப்பது போன்ற அந்தக் கூடுகள் ஒவ்வொன்றாக நிரம்புவதை நான் நினைத்துக்கொண்டேன். பல வாரம் கழித்துக் கட்டியையும் எடுத்தார்கள். செங்கல் ஆசை ஆபரேஷனுக்கு முன்பே போய்விட்டது. பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்கு வந்து இறங்கிய செங்கல் லோடை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "இதையா டி துன்னேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எடுத்துவந்த தூளை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். பெரும்பகுதி ஓட்டுச் சுண்ணாம்பு, மிச்சம் காவி. அழுகிய சதையில் ஃபெரிட்டின் சிதைந்து, தேடினாலும் அடையாளம் தெரியவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அதற்கு முடிவு வரும் முன்பே, நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வயல்காரர்கள் சண்டைக்கு வந்து கொட்டகையைப் பூட்ட வைத்துவிட்டார்கள். பாவா இப்போது ஃபினாயில் செய்து விற்கிறார். வாங்கிச் சாப்பிட்ட பெண்களிடம் நானும் மருத்துவரும் போய்ச் சொன்னோம். சிலர் பரிசோதனைக்கு வந்தார்கள். ஒருத்தி, வேறு எங்கே கிடைக்கும் அந்த பாட்டில் என்று கேட்டாள்.

அக்கா உடம்பு தேறியதும் ஆர்.கே.பேட்டைக்கே திரும்பிப் போகிறேன் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆளோடயா?"

"தறி என் பேர்ல கீது. நான் இன்னாத்துக்கு விட்டுட்டு வரணும்? அவர் வேணும்னா போகட்டும்."

அவர் போகவில்லை. அவளும் துரத்தவில்லை. தனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்கிறாள். நின்றுபோன தறிகளில் இரண்டைச் சரிசெய்து தானே ஓட்டுகிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தறிக்கூடத்தில் அவள் பக்கத்தில் நின்றிருந்தபோது பாவா காபி கொண்டுவந்து நீட்டினார். டம்ளருக்குள் அவர் கட்டைவிரல் பாதி முங்கியிருந்தது. நகத்தில் அழுக்கு.

"வேணாம் பாவா" என்றேன்.

அவர் டம்ளரை அக்கா பக்கம் திருப்பினார். அக்கா அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "எனக்கும் வேணாம். நீயே குடி" என்றாள். அவர் அங்கேயே நின்று, உறிஞ்சிக் குடித்து முடித்தார்.